வெந்நீரில் போட்ட ஸ்வெட்டர்

எனக்குக் கல்யாணம் ஆனபோது வயது முப்பத்தாறு. அவருக்கு நாற்பத்தைந்து. அவருக்கு இது இரண்டாவது கல்யாணம்; முதல் மனைவி நோயில் இறந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை.

அப்போது நான் வத்தலக்குண்டில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பெண் பார்க்க வந்த அன்று என் வீட்டில் எல்லோரும் அவருடைய வேலையைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அவருடைய சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு வருடம் துணிகளுக்கு நடுவே நின்றவளுக்குத் துணியின் வயது தெரியும். அந்தக் காலர் மாடல் வந்து எட்டு வருடமாவது இருக்கும். ஆனால் கழுத்துப் பட்டையில் ஒரு நூல் பிரியவில்லை. நீலம் நீலமாகவே இருந்தது. தோள்பட்டையில் கிளிப் பிடித்த தடம்கூட இல்லை.

அம்மாவும் அதைக் கவனித்திருக்கிறாள். உள்ளே வந்து என் காதில், "செத்துப்போனவ நல்லா வச்சுக் குடித்தனம் பண்ணிருக்கா போல. சட்டையப் பாத்தியா?" என்றாள்.

முகம் தெரியாத ஒருத்தி மீது எனக்குப் பொறாமை வந்தது அந்த நிமிடத்தில்தான். அப்போது அதற்கு அந்தப் பெயரை நான் வைக்கவில்லை.

கொடைக்கானலில் ஒரு விடுதிப் பள்ளியின் சலவைக்கூடத்துக்கு அவர்தான் பொறுப்பு. முன்னூறு பிள்ளைகளின் சீருடை, படுக்கை விரிப்பு, கம்பளி எல்லாம் அவர் கண்ணில் பட்டுத்தான் போகும். எங்கள் வீடு நாயுடுபுரத்துக்குக் கீழே சரிவில் இருந்தது. இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்னால் துவைகல், அதற்கு மேல் தகரம் போட்ட சின்னத் தாழ்வாரம். மதியத்துக்கு மேல் மேகம் இறங்கினால் சன்னலைச் சாத்த வேண்டும். சாத்தாவிட்டால் கட்டில் வரைக்கும் வந்துவிடும்.

வந்த ஆறு மாதத்தில் என் துணிகள் எல்லாம் கெட்டுப்போயின. துணி விற்க எனக்குத் தெரியும். அந்தக் குளிரில் துவைக்கத் தெரியவில்லை. வத்தலக்குண்டு வெயிலில் எப்படித் துவைத்தாலும் இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும். இங்கே மழைக்காலத்தில் ஒரு பாவாடை காய நான்கு நாள் ஆகும். காய்ந்ததா இல்லையா என்று தொட்டுப் பார்த்தால், துணி சில்லென்று இருப்பது ஈரத்தாலா குளிராலா என்றே தெரியாது. காய்ந்துவிட்டது என்று மடித்து வைப்பேன். பத்து நாள் கழித்து எடுத்தால் மடிப்பு நெடுகக் கறுப்புப் புள்ளி விழுந்திருக்கும், அடைத்த வீட்டு வாடை அடிக்கும். வாடை போகட்டும் என்று இரண்டு மடங்கு பவுடர் போட்டு, கல்லில் அடித்து, முறுக்கிப் பிழிந்து போடுவேன். கொண்டுவந்த பதினெட்டுச் சேலையில் ஏழு, வீட்டில் கட்டுவதற்குக்கூட ஆகாமல் போயின.

அவருடைய துணிகளை அவரே துவைத்துக்கொண்டார். பள்ளியில் துவைத்துக் களைத்து வரும் மனிதர் வீட்டிலும் துவைக்கிறாரே என்று நினைத்தேன். பழக்கம் போல என்று விட்டுவிட்டேன். ஒரே கொடியில் அவருடைய சட்டைகள் ஒரு பக்கம், என் சேலைகள் ஒரு பக்கம் தொங்கும். யார் வந்து பார்த்தாலும், அவர் துணி நேற்று எடுத்தது, என் துணி யாரோ கொடுத்தது என்றுதான் சொல்வார்கள்.

பிப்ரவரியில் மலையில் நல்ல வெயில் அடிக்கும். அந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பீரோவின் கீழ்த்தட்டைத் திறந்தார். அதில் பழைய ரசீதுகள் இருக்கும் என்று நினைத்து நான் திறந்ததே இல்லை. வெளுத்த வேட்டி ஒன்றில் சுற்றிய மூட்டை ஒன்றை எடுத்தார். உள்ளே இரண்டு நூல் சேலை, ஒரு பட்டுச்சேலை, ஒரு சால்வை, ஒரு பச்சை ஸ்வெட்டர். நடுவில், பூச்சி அரிக்காமலிருக்க, வசம்புத் துண்டுகள்.

"அவளோடது. வருசத்துக்கு ஒரு தடவ எடுத்து வெயில் காமிப்பேன்" என்றார்.

நான் தலையாட்டிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டேன். ஆனால் அடுப்பைப் பார்க்கவில்லை; சன்னல் வழியே அவரைத்தான் பார்த்தேன்.

பூந்திக்கொட்டையை முந்தின நாளே ஊறப்போட்டிருந்தார். அந்தத் தண்ணீரில் ஒவ்வொரு சேலையையும் தனித்தனியாக முக்கி, கைகளால் மெல்ல அமுக்கி எடுத்தார். அடிக்கவில்லை, பிழியவில்லை. தண்ணீர் தானாக வடியட்டும் என்று விட்டார். பிறகு தாழ்வாரத்து நிழலில், கயிற்றில் போடாமல், மூங்கில் கழியில் அகலமாக விரித்தார். கயிறு என்றால் நடுவில் கோடு விழுந்து நாளாவட்டத்தில் அந்த இடத்தில்தான் கிழியும் என்று பின்னால் சொன்னார். பட்டுச்சேலைக்குத் தண்ணீரே காட்டவில்லை. உதறிக் காற்றாட விட்டு, போன வருடம் மடித்த மடிப்பைக் கலைத்து வேறு மடிப்பில் மடித்தார்.

ஸ்வெட்டரைத்தான் கடைசியில் எடுத்தார். குளிர்ந்த தண்ணீரில் இரண்டு சொட்டு ஷாம்பூ. உள்பக்கத்தை வெளியே திருப்பித் தண்ணீருக்குள் விட்டு, தூங்கும் குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையையும் அடியில் கொடுத்துத் தூக்கினார். துண்டு ஒன்றை விரித்து அதன்மேல் ஸ்வெட்டரைப் பரப்பி, பாய் சுருட்டுவது போலச் சுருட்டி, முழங்காலால் மெல்ல அழுத்தினார். ஈரமெல்லாம் துண்டுக்குப் போய்விட்டது. பிறகு கயிற்றுக் கட்டிலில் படுக்கவைத்து, கைகளை நேராக்கி, கழுத்தைச் சரிசெய்தார்.

"கொடியில மாட்டுனா அதோட கனத்துக்கே இழுத்துக்கிட்டு கீழ வந்துரும்" என்றார், சன்னல் பக்கம் பார்க்காமலேயே. நான் பார்ப்பது தெரிந்திருக்கிறது. "மதினி பின்னுனது இது. மன்னவனூர்ல இருக்காங்கல்ல, அவ அக்கா. வெந்நி மட்டும் ஆகவே ஆகாது கம்பளிக்கு."

அந்தக் கைகள் அவ்வளவு மெதுவாக என் மீது ஒரு நாளும் பட்டதில்லை என்று அப்போது தோன்றியது. அது நியாயமில்லை. அவர் என்னிடம் கடுமையாக நடந்ததே கிடையாது. ஆனால் அன்று சன்னலுக்குப் பின்னால் நின்ற எனக்கு நியாயம் தேவைப்படவில்லை. கயிற்றுக் கட்டிலில் கையை விரித்துப் படுத்திருந்தது ஸ்வெட்டர் மாதிரி இல்லை, ஆள் மாதிரி இருந்தது.

அதன் பிறகு ஒரு வருடம் நான் அவளோடுதான் குடித்தனம் நடத்தினேன். அவர் எதையாவது நன்றாக இருக்கிறது என்றால், அவள் செய்தது இதைவிட நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். அவர் ஒன்றும் சொல்லாவிட்டால், அவள் ஞாபகத்தில் இருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். அவர் வேலைக்குப் போனபின் கீழ்த்தட்டைத் திறந்து அந்தச் சேலைகளைத் தொட்டுப் பார்ப்பேன். மூக்கில் வைத்துப் பார்ப்பேன். வசம்பு வாசனையைத் தவிர வேறொன்றும் இருக்காது. கருநீல நூல் சேலைக்குப் பத்து வயதுக்கு மேல் இருக்கும், கரை அப்படியே இருந்தது. இப்படித் துணி வைத்துக்கொள்ளத் தெரிந்த பெண் என்னவெல்லாம் தெரிந்தவளாக இருந்திருப்பாள் என்று யோசித்து யோசித்து, அவளுக்கு நானே ஒரு குணத்தையும் நடையையும் உண்டாக்கிவிட்டேன். எதிலும் அவள் தவறு செய்யாதவள்.

அடுத்த பிப்ரவரி வந்தது. அவர் மூட்டையை எடுத்தார். அன்று சேலைகளை முடிப்பதற்குள் மேகம் இறங்கிவிட்டது.

"ஸ்வெட்டர அடுத்த ஞாயித்துக்கெழம பாத்துக்கிறேன்" என்று நாற்காலியில் வைத்தார்.

நான் அப்போது கொடியிலிருந்து என் கடுகு நிறச் சேலையை எடுத்துக்கொண்டிருந்தேன். கல்யாணத்துக்காகக் கடையில் நானே தேடி எடுத்தது. ஒன்றரை வருடத்தில் அது கடுகாகவும் இல்லை, மஞ்சளாகவும் இல்லை. எனக்கு அழுகை வந்தது.

"என் சேலையப் பாருங்க. இப்பத்தான் எடுத்த மாதிரி இருக்கு, அதுக்குள்ள இப்புடி ஆயிருச்சு" என்றேன். அவர் வந்து பார்ப்பார், தொட்டுப் பார்ப்பார், ஏதாவது செய்வார் என்று எதிர்பார்த்தேன்.

அவர் மூங்கில் கழியில் இருந்த கருநீலச் சேலையின் ஓரத்தை நேராக்கிக்கொண்டே, "விடு. உன் துணி போனா வேற எடுத்துக்கலாம்" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். எரிச்சலாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் அந்த வார்த்தை எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. உன் துணி போனால் வேறு எடுக்கலாம். அவள் துணி போகக்கூடாது. திங்கட்கிழமை பாத்திரம் துலக்கும்போதும் அதுதான். செவ்வாய்க்கிழமை காய்கறி வாங்கப் போனபோதும் அதுதான். உன் துணி என்பது போய், நீ போனால் வேறு எடுத்துக்கலாம் என்றே கேட்கத் தொடங்கிவிட்டது.

புதன்கிழமை அவர் வெள்ளனே பள்ளிக்குக் கிளம்பினார். நான் குளிக்க வாளியில் ஹீட்டரைப் போட்டேன். தண்ணீர் சூடானதும் நிறுத்தவில்லை. ஆவி பறக்கும் வரை விட்டேன். பிறகு நாற்காலியில் இருந்த ஸ்வெட்டரை எடுத்து வாளியில் போட்டேன். இரண்டு கை பவுடரை அள்ளிப் போட்டேன். கை பொறுக்கும் சூடு வந்ததும், கல்லில் வைத்துப் பிரஷ்ஷால் தேய்த்தேன். கையால் கசக்கினேன். திரும்ப வாளியில் போட்டேன். திரும்பக் கசக்கினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று இன்றுவரை என்னால் சொல்லிக்கொள்ள முடியாததற்குக் காரணம் அந்த நேரம்தான். நடுவில் எத்தனையோ முறை நிறுத்தியிருக்கலாம்.

கண்ணெதிரே அது சுருங்கியது. பின்னலின் கண்கள் மூடிக்கொண்டன. மெத்தென்று இருந்தது கெட்டியாகி, தடித்த கம்பளித் துண்டு மாதிரி ஆகிவிட்டது. கைகள் இரண்டும் ஒரு சாண் குட்டையாகி விறைத்து நின்றன. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. பச்சைத் தண்ணீரில் போட்டு இழுத்துப் பார்த்தேன். நீளவில்லை. கொடியில் போட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

அவர் ஐந்தரை மணிக்கு வந்தார். பின்பக்கம் கை கழுவப் போனவர், கொஞ்ச நேரம் வரவேயில்லை. நான் எழுந்து போனேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"என்ன இது?"

"அழுக்கா கெடந்துச்சேன்னு அலசிப் போட்டேன்."

"வெந்நியிலயா?"

"குளுருதேன்னு கொஞ்சம் வெந்நி ஊத்துனேன். மறந்துட்டேன்."

அவர் அதைப் புரட்டிப் பார்த்தார். கக்கத்துப் பக்கம், கழுத்து, கைப்பட்டை என்று விரலால் தடவிப் பார்த்தார். சலவைக்கூடத்தில் பிள்ளைகளின் துணியைப் பார்த்து என்ன நடந்தது என்று சொல்லும் மனிதர் அவர்.

"வெந்நியில சும்மா முக்கி எடுத்தா இம்புட்டுச் சுருங்காது" என்றார். "போட்டுக் கசக்கணும். ரொம்ப நேரம் கசக்கணும்."

அவர் அதை உள்ளே கொண்டுபோய் அலமாரி மேல் வைத்தார். சாப்பிட்டார். படுத்துவிட்டார்.

பதினொரு நாள் அவர் என்னிடம் பேசவில்லை. கேஸ் தீரப்போகிறது, தண்ணீர் வந்துவிட்டது என்கிற அளவில் பேசினார். அதைப் பேச்சு என்று சொல்ல முடியாது. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். அதற்கு அவர் இடமே கொடுக்கவில்லை. இடையில் வந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளிலும் நல்ல வெயில். அவர் துவைக்க உட்காரவில்லை. கடைவீதிக்குப் போய்விட்டு மாலையில்தான் திரும்பினார்.

பன்னிரண்டாம் நாள், அவர் வேலைக்குப் போனதும், ஸ்வெட்டரை ஒரு பையில் போட்டுக்கொண்டு மன்னவனூர் பஸ்ஸில் ஏறினேன். பின்னினவருக்கு அதைச் சரிசெய்யத் தெரியும், இல்லாவிட்டால் இதே மாதிரி இன்னொன்று பின்னித் தருவார் என்று எனக்கு ஒரு நினைப்பு. பூம்பாறை தாண்டியதும் பஸ்ஸில் ஏழெட்டுப் பேர்தான் இருந்தோம். இறங்கி விடலாமா என்று இரண்டு முறை தோன்றியது. அவளுடைய அக்காவிடம் போய் நான் யார் என்று எப்படிச் சொல்வது? அந்த அக்கா எங்கள் கல்யாணத்துக்கு வரவில்லை.

வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமம் இல்லை. அக்கா வாசலில் உட்கார்ந்து கேரட்டைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். அறுபது வயது இருக்கும். தலையில் துண்டு கட்டியிருந்தார்.

"நான் கொடைக்கானல்லருந்து வர்றேன். உங்க தங்கச்சி வீட்டுக்காரரு..." என்று தொடங்கி, அதற்குமேல் எப்படி முடிப்பது என்று தெரியாமல் நின்றேன்.

"தெரியுது தாயி. தம்பி கட்டிக்கிட்ட புள்ளதான? உள்ள வா. சாப்டியா?"

உள்ளே போய் உட்கார்ந்தேன். டீ கொடுத்தார். நான் பையிலிருந்து ஸ்வெட்டரை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை மடியில் விரித்து, உற்றுப் பார்த்தார். என்ன என்று முதலில் புரியவில்லை. பிறகு கழுத்துப் பட்டையின் பின்னலைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. முகம் மாறியது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"எதுக்குக்கா சிரிக்கிறீங்க?"

"அவளும் இதேதான் பண்ணுனா."

"யாரு?"

"எந் தங்கச்சிதேன். கல்யாணம் ஆன மறு மாசம். தம்பிக்கு அவுக பள்ளிக்கூடத்துல ஒரு டீச்சரம்மா ஊருக்குத் திரும்பிப் போறப்ப ஒரு ஸ்வெட்டரக் குடுத்துட்டுப் போயிருந்துச்சு. தம்பிக்கு அது உசுரு. இவ கொதிக்கக் கொதிக்க வெந்நிய ஊத்தி, சோடா உப்பப் போட்டு, கல்லுல அடிச்சு வச்சா. அம்புட்டுதேன். பொம்மைக்குக்கூடப் பத்தல."

"அவரு என்ன சொன்னாரு?"

"என்னத்தச் சொல்ல? சிரிச்சாரு. அத எடுத்து பிளாஸ்க்குக்கு மாட்டி விட்டுட்டு, வர்றவக போறவகட்டெல்லாம் 'எம் பொண்டாட்டி பிளாஸ்க்குக்கு ஸ்வெட்டர் போட்டுருக்கா'ன்னு காமிச்சாரு. அதுக்கப்பறம் அவ கையில துணியவே குடுக்கல. அவளுக்கு எதுலயும் ஒரு நிதானம் கெடையாது தாயி. சோறு குழையும், பால் பொங்கும். கடசி வரைக்கும் அவ துணியவும் சேத்து அவருதேன் தொவச்சாரு."

நான் ஒரு வருடமாக உண்டாக்கி வைத்திருந்த பெண் அங்கேயே காணாமல் போனாள். அது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. முன்பு, நன்றாகத் துவைக்கத் தெரிந்த ஒருத்தி மீதுதான் எனக்குப் பொறாமை. இப்போது, ஒன்றும் தெரியாமலேயே அவ்வளவும் கிடைத்தவள் மீது. அவள் கெடுத்தபோது அவர் சிரித்திருக்கிறார். அவள் சேலையையெல்லாம் அவரே துவைத்திருக்கிறார். ஊறப்போட்டு, நிழலில் விரித்து, மடிப்பு மாற்றி.

அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

"நீ தெரியாமப் பண்ணுனியா, தெரிஞ்சே பண்ணுனியா?"

"தெரிஞ்சேதான்க்கா."

என் வாயால் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அக்கா ஸ்வெட்டரை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தார்.

"எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு இதப் பின்ன. கழுத்த மூணு தடவ பிரிச்சுப் பிரிச்சுப் போட்டேன். அவ மேல உனக்குக் கோவம் இருக்கலாம். எம்மேல உனக்கு என்ன கோவம்?"

அந்த ஸ்வெட்டரை யாரோ ஒருவர் உட்கார்ந்து பின்னினார் என்பதை நான் நினைத்தே பார்த்திருக்கவில்லை. "தப்புதான்க்கா. மன்னிச்சிருங்க" என்றேன். அழுதுவிட்டேன். அவர் என்னைத் தேற்றவில்லை. உருளைக்கிழங்கு மசியலும் சோறும் போட்டுக் கொடுத்தார்.

"புதுசு ஒன்னு பின்னித் தாங்கன்னு கேக்கத்தான வந்த? பின்ன மாட்டேன். கண்ணு தெரியல" என்றார். "ரெண்டு மணிக்கு ஒரு பஸ்ஸு இருக்கு. வெரசா சாப்டுட்டுக் கெளம்பு."

பஸ் தாமதமாகி நான் வீட்டுக்கு வந்தபோது அவர் எனக்கு முன்னால் வந்திருந்தார். அலமாரி மேல் ஸ்வெட்டர் இல்லாததைப் பார்த்திருக்கிறார்.

"எங்க போன?"

"மன்னவனூருக்கு. உங்க மதினியப் பாக்க." பையை அவர் முன்னால் வைத்தேன். "பிளாஸ்க்குக் கதையெல்லாம் சொன்னாங்க."

அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. பதினொரு நாளில் முதல் சிரிப்பு, அதுவும் அவளுக்காக. என்னால் பொறுக்க முடியவில்லை.

"அவங்க பண்ணுனா சிரிப்பீங்க. ஊர்பூராவும் காமிப்பீங்க. நான் பண்ணுனா பேசக்கூட மாட்டீங்க, இல்ல?"

"அவ தெரியாமப் பண்ணுனா."

"ஆமா. நான் தெரிஞ்சுதான் பண்ணுனேன். போட்டுக் கசக்கு கசக்குன்னு கசக்குனேன். போதுமா?"

"ஏன்?"

"உன் துணி போனா வேற எடுத்துக்கலாம்னு சொன்னீங்கல்ல?"

அவருக்கு அது எந்தப் பேச்சு என்றே நினைவில்லை. நான் சேலையையும் ஞாயிற்றுக்கிழமையையும் சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"எடுத்துக் குடுக்க நான் இருக்கேன், கட்டிக்க நீ இருக்கன்னு நெனச்சுத்தான் சொன்னேன். அவளுக்கு யாருக்கு எடுக்கிறது?" என்றார். "இதுக்கா?"

"அவங்க சேலையெல்லாம் கடைசி வரைக்கும் நீங்கதான் தொவச்சீங்களாமே. எந் துணிய ஒரு நாளாச்சும் தொட்டிருக்கீங்களா?"

"நீ எங்க தொட விட்ட? வந்த மறுநா உன் வாளியத் தூக்கிட்டுப் போனேன். ஆம்பள எந் துணியத் தொவச்சா எனக்கு அசிங்கம்னு புடுங்கிட்டுப் போயிட்ட. அதுக்கப்பறம் எப்புடித் தொடுறது?"

உண்மைதான். அது எனக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது. கல்யாணமாகி மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, உள்பாவாடையெல்லாம் ஊறிக்கொண்டிருந்த வாளியை அவர் தூக்கியதும் எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. அவர் கையிலிருந்து பிடுங்கினேன். பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிட்டாளோ என்றுதான் அன்று முழுவதும் என் கவலை.

அதற்குமேல் இருவருக்கும் சண்டை போட ஒன்றும் இருக்கவில்லை. நான் உலை வைத்தேன். அவர் வெங்காயம் நறுக்கிக் கொடுத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஸ்வெட்டரைச் சரிசெய்ய முடிகிறதா பார்க்கலாம் என்றார். கடையில் தலைமுடிக்குப் போடும் கண்டிஷனர் பாக்கெட் ஆறு வாங்கி வந்தார். வெதுவெதுப்பான தண்ணீரில் அதைக் கரைத்து ஸ்வெட்டரை ஒரு மணி நேரம் ஊறவைத்தோம். கசக்காமல் எடுத்து, துண்டில் சுருட்டி, கட்டிலில் பரப்பி, அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தோம். "வெடுக்குன்னு இழுக்காத. கொஞ்சம் இழு, விடு. திரும்ப இழு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஓரங்களில் ஊசி குத்தி நிறுத்தினோம். மூன்று ஞாயிறு இப்படிச் செய்தோம். பெரிய ஆள் போடுகிற அளவுக்கு வரவில்லை. எட்டு ஒன்பது வயதுப் பிள்ளை போட்டுக்கொள்ளலாம் என்கிற அளவில் நின்றுவிட்டது.

அந்த ஞாயிறுகளில் என் வாளியும் அவரிடம் போனது. கூச்சம் முதல் தடவை இருந்தது, இரண்டாம் தடவை குறைந்தது. பவுடரைப் பாதியாகக் குறைத்தார். புதுச் சேலையை முதல் மூன்று தடவை தனியாக உப்புத் தண்ணீரில் அலசினார். ரவிக்கையைக் கொக்கி மாட்டித் திருப்பிப் போட்டுத்தான் துவைப்பார். கொக்கி அடுத்த துணியை இழுத்துவிடுமாம். மழைக்காலத்தில் துணியை இரண்டு சன்னலுக்கு நடுவே காற்று ஓடுகிற இடத்தில் கட்டினார். ஒன்றோடொன்று ஒட்டாமல் ஒரு கை இடைவெளி. காய்ந்ததா என்று கையால் பார்க்காமல் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார்; கன்னத்துக்கு ஈரம் தெரியும் என்பார். மடித்து வைக்கும் முன் ஒரு இரவு நாற்காலியில் ஆறவிடுவார். என் சேலைகளில் கறுப்புப் புள்ளி விழுவது நின்றது.

ஏப்ரலில் இருவருமாக மன்னவனூர் போனோம். அக்காவின் மகள் வயிற்றுப் பேத்தி லீவுக்கு வந்திருந்தாள். எட்டு வயது. ஸ்வெட்டரை அக்காவிடம் கொடுத்தேன். அவர் கழுத்துப் பட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, பேத்தியைக் கூப்பிட்டுப் போட்டுவிட்டார். அளவு சரியாக இருந்தது. நாங்கள் மூவரும் பார்த்துக்கொண்டே நின்றோம். என் வீட்டுக்காரர் குனிந்து, பின்பக்கத்தை இழுத்துச் சரிசெய்தார்.

அந்தப் பெண் இரண்டு கையையும் விரித்து, தோளைக் குலுக்கிப் பார்த்தாள்.

"அம்மாச்சி, குத்துது. எனக்கு வேணாம்" என்றாள். தலைவழியே உருவித் திண்டில் எறிந்துவிட்டு, கேரட் கழுவுகிற இடத்துக்கு ஓடிவிட்டாள்.

அக்காதான் முதலில் சிரித்தார். "கெடக்கட்டும். எனக்குக் குளுருனா மூட்டுக்குக் கட்டிக்கிறேன்" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் எங்கள் காலடியில் அக்கா கொடுத்த கேரட் பை. அவர் சன்னலோரம் உட்கார்ந்திருந்தார். இதைச் சொல்லாமல் இருந்தால் மறுபடியும் எங்காவது போய் முட்டிக்கொள்வேன் என்று தோன்றியதால் சொன்னேன்.

"எனக்கு இன்னும் பொறாமையாத்தான் இருக்கு."

அவர் திரும்பிப் பார்த்தார். "எம்மேலயா, அவ மேலயா?"

"அவங்க மேலதான்."

"சரி, இருக்கட்டும்" என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, "நாளைக்கும் வெயில் இருக்கும் போலருக்கு. அந்தப் பெரிய போர்வைய எடுத்துத் தொவச்சுப் போட்ருவமா? தனியா தூக்க முடியாது, நீயும் ஒரு பக்கம் புடிக்கணும்" என்றார்.

பிடிக்கிறேன் என்றேன்.